ஸ்டிக் ஸ்லோ ஆயிடுச்சா? புது டிவிக்கு இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. சாப்பாட்டுத் தட்டோட உட்கார்ந்து ஒரு படம் போடறீங்க. ஆப்போட லோகோ வந்து அப்படியே நிக்குது. வட்டம் சுத்துது. ரிமோட்ல ஒரு தடவை அமுக்கினா ஒண்ணும் நடக்கலை. திரும்ப அமுக்கினா மூணு கட்டம் தாண்டிப் போய் நிக்குது. சோறு ஆறிடுச்சு. "இந்த ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாம்"னு போனைக் கையில எடுக்கறீங்க. ஷாப்பிங் ஆப்ல தேடினா, ஸ்டிக்குக்குப் பக்கத்துலயே ஒரு 43 இன்ச் டிவி: "மாதம் 3,000 ரூபாய் மட்டும், நோ காஸ்ட் இஎம்ஐ".

நான் மாட்டினது அந்த இடத்துலதான்.

அப்போ என் கைக்கு வந்த சம்பளம் 31,000 ரூபாய். டிவி விலை 27,000, ஒன்பது தவணை. பழைய 32 இன்ச் டிவியையும், "செத்துப் போச்சு"ன்னு நான் முடிவு பண்ணின ஸ்டிக்கையும் ஊருக்கு அனுப்பிட்டேன். நான் அந்த ஸ்டிக்குக்கு டிவியோட யுஎஸ்பி போர்ட்ல இருந்துதான் கரண்ட் கொடுத்துக்கிட்டு இருந்தேன். தம்பி அப்படிப் பண்ணலை. பெட்டியில இருந்த அடாப்டரை எடுத்து சுவர் பிளக்ல போட்டு மாட்டினான். ரெண்டு நாள் கழிச்சு போன்ல, "நல்லாத்தானே ஓடுதுண்ணா, எதுக்கு மாத்தினே?"ன்னு கேட்டான். எனக்கு இன்னும் எட்டு தவணை பாக்கி.

நாலாவது தவணை கட்டின மாசம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். கையில பணம் இல்லாம ஆபீஸ் நண்பர்கிட்ட 15,000 ரூபாய் கேட்டு நின்னேன். ஹால்ல புது டிவி பளபளன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்த மாசம் அதைப் பார்க்கவே பிடிக்கலை.

அதனாலதான் இந்தப் பதிவு. ஸ்ட்ரீமிங் ஸ்டிக், பாக்ஸ், ஸ்மார்ட் டிவி இதெல்லாம் பழசானா எப்போ மாத்தணும், எப்போ மாத்தக் கூடாது, அதுக்கு எவ்வளவு காசு ஒதுக்கணும்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கோங்க

ஸ்மார்ட் டிவின்னா ரெண்டு பொருள் ஒண்ணா ஒட்டினது. ஒண்ணு படம் காட்டற பேனல். இன்னொண்ணு ஆப் ஓட்டற ஒரு சின்ன கம்ப்யூட்டர். பேனலுக்கு ஆயுள் அதிகம். அந்தச் சின்ன கம்ப்யூட்டர்தான் சீக்கிரம் வயசாகுது. ஏன்னா ஆப்கள் ஒவ்வொரு வருஷமும் கனமாகுது, உள்ளே இருக்கற ராமும் ஸ்டோரேஜும் வாங்கின அன்னைக்கு இருந்த அளவுதான்.

சாதாரண ஃபயர் டிவி ஸ்டிக்கை எடுத்துக்கோங்க. 1 ஜிபி ராம், 8 ஜிபி ஸ்டோரேஜ். அதுலயும் சிஸ்டம் எடுத்துக்கிட்டது போக நம்ம கைக்கு வர்றது 5 ஜிபி மாதிரிதான். அதுக்குள்ள நாலு ஓடிடி, ரெண்டு நியூஸ் ஆப், ஒரு கேம். திணறாம என்ன செய்யும்?

ஆக, டிவி "ஸ்லோ" ஆனா பேனல் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. 5,000 ரூபாய்ல தீர்ற பிரச்சனைக்கு 27,000 ரூபாய் பொருளை மாத்தறது, பைக் செயின் லூஸா இருக்குன்னு பைக்கையே மாத்தற மாதிரி. அந்த 5,000 கூட எல்லா நேரமும் தேவைப்படாது. முதல்ல கீழே இருக்கற அஞ்சு சோதனையைப் பண்ணுங்க. பெரும்பாலும் காசு செலவில்லை.

வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு சோதனை

1. கரண்ட். நான் செஞ்ச தப்பு இதுதான். பெரும்பாலான ஸ்டிக்குக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் தேவை. பழைய டிவியோட யுஎஸ்பி போர்ட் பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும். மெனு ஓடும், ஆனா படம் போட்டதும் தடுமாறும், தானா ரீஸ்டார்ட் ஆகும். ஸ்டிக்கோட வந்த அடாப்டரை எடுத்து சுவர் பிளக்ல போடுங்க. அது தொலைஞ்சு போயிருந்தா, வீட்ல இருக்கற நல்ல பழைய போன் சார்ஜர் போதும். கேபிளையும் ஒரு தடவை மாத்திப் பாருங்க.

2. சூடு. ஸ்டிக் டிவிக்குப் பின்னாடி, சுவருக்கும் டிவிக்கும் நடுவுல காத்தே இல்லாத இடத்துல வேகுது. சூடானா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். பெட்டிக்குள்ள ஒரு சின்ன எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிள் கொடுத்திருப்பாங்க. நாம யாருமே அதை வெளிய எடுத்திருக்க மாட்டோம். அதைப் போட்டு ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளிய தள்ளி வைங்க. வைஃபை சிக்னலும் இதுல கூடும்.

3. வைஃபை. போனை ஸ்டிக் இருக்கற இடத்துக்கே கொண்டு போய் ஸ்பீட் டெஸ்ட் பண்ணுங்க. சோஃபாவுல உட்கார்ந்து பண்ணாதீங்க. நெட்ஃப்ளிக்ஸ் சொல்ற கணக்குப்படி ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் வேணும். அது வரலைன்னா குத்தம் ஸ்டிக் மேல இல்லை. அடுத்து உங்க போன் ஹாட்ஸ்பாட்ல ஸ்டிக்கை இணைச்சுப் பாருங்க. அதுல நல்லா ஓடினா ரௌட்டரோ பிராட்பேண்டோதான் பிரச்சனை. ரௌட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தா, ஸ்டிக்கும் அதை ஏத்துக்கிட்டா, அதுக்கு மாத்திப் பாருங்க. ரௌட்டர் அடுத்த ரூம்ல, நடுவுல ரெண்டு சுவர்னா 2.4 கிகாஹெர்ட்ஸே பரவாயில்லாம இருக்கலாம். ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

4. இடம். செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் எவ்வளவு மிச்சம்னு பாருங்க. ஆறு மாசமா தொடாத ஆப்பைத் தூக்குங்க. அதிகமா பார்க்கற ஆப்களோட கேச்சை மட்டும் கிளியர் பண்ணுங்க. "டேட்டா கிளியர்" வேற, அதைத் தொட்டா திரும்ப லாகின் பண்ணணும். தானா ஓடற விளம்பர வீடியோ, டேட்டா மானிட்டரிங் மாதிரி விஷயங்களையும் அணைச்சு வைங்க.

5. ஃபேக்டரி ரீசெட். மேல சொன்ன நாலும் முடிஞ்ச பிறகுதான் இது. எல்லாத்தையும் அழிச்சிட்டு, நீங்க உண்மையா பார்க்கற மூணு ஆப்பை மட்டும் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. நேத்து வரைக்கும் ஓடினது இன்னைக்குத் திடீர்னு ஓடலைன்னா, உடனே ரீசெட் பண்ணாதீங்க, உடனே ஆர்டரும் போடாதீங்க. 2025 மார்ச்ல நடந்ததைக் கேளுங்க. கூகுளோட இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட், 2015ல வந்தது, உலகம் முழுக்க ஒரே நேரத்துல நின்னு போச்சு. காரணம், உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதி ஆயிடுச்சு. ரீசெட் பண்ண வேண்டாம்னு கூகுளே சொல்லுச்சு. சில நாள்ல அப்டேட் வந்து சரியாச்சு. அவசரப்பட்டு ரீசெட் பண்ணினவங்களுக்குக் கூடுதல் தலைவலி. அவசரப்பட்டு புதுசு வாங்கினவங்களுக்குக் காசு போச்சு. பொறுமையா இருந்தவங்க பத்து வயசான பொருளைத் திரும்ப ஓட்டினாங்க. அதனால திடீர்னு நின்னா, நாலு நாள் பொறுங்க. அதுவரைக்கும் போன்லயோ லேப்டாப்லயோ பார்த்துக்கலாம்.

ரிமோட் மட்டும் வேலை செய்யலைன்னா? பேட்டரியை மாத்துங்க. அப்படியும் இல்லைன்னா அந்த பிராண்டோட போன் ஆப்பையே ரிமோட்டா பயன்படுத்தலாம். ரிமோட் தனியாவும் கிடைக்கும். ரிமோட்டுக்காக ஸ்டிக்கை மாத்த வேண்டியதில்லை.

இந்த மூணுல ஒண்ணு நடந்தா தாராளமா மாத்துங்க

ஒண்ணு: நீங்க காசு கட்டற ஆப், உங்க சாதனத்தைக் கைவிட்டுடுச்சு. இது அடிக்கடி நடக்கறதுதான். 2019 டிசம்பர்ல நெட்ஃப்ளிக்ஸ், 2010, 2011 மாடல் சாம்சங் ஸ்மார்ட் டிவி சிலதுலயும் பழைய ரோகு பாக்ஸ்கள்லயும் நின்னுச்சு. 2025 ஜூன்ல, 2014ல வந்த முதல் தலைமுறை ஃபயர் டிவி ஸ்டிக்லயும் நின்னுச்சு. இந்தியாவுக்கு ஃபயர் டிவி ஸ்டிக் வந்ததே 2017ல, அதுவும் அடுத்த தலைமுறை. அதனால இந்தச் செய்தி நம்ம ஊர்ல பெருசா பேசப்படலை. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க: 2014ல இருந்து 2025, பதினோரு வருஷம். 2017ல முதல் ஆளா வாங்கினவங்க கையில இருக்கற ஸ்டிக்கும் அந்த வயசை நெருங்குது.

இங்கேயும் பதற வேண்டாம். முன்கூட்டியே ஸ்க்ரீன்லயோ மெயில்லயோ அறிவிப்பு வரும். அதைப் பார்த்ததும் ஆப் நிக்கற தேதியைக் குறிச்சு வைங்க. நடுவுல ஒரு தள்ளுபடி சீசன் வந்தா அதுல வாங்கலாம். ஸ்மார்ட் டிவியில ஆப் நின்னு போனா டிவியை மாத்தாதீங்க. எச்டிஎம்ஐ போர்ட் இருந்தா ஒரு ஸ்டிக் போதும்.

ரெண்டு: பாதுகாப்பு அப்டேட் நின்னு போச்சு. இதை யாரும் கவனிக்கறதில்லை, ஏன்னா படம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். கூகுள் 2013ல விட்ட முதல் குரோம்காஸ்டுக்கு 2023ல சப்போர்ட்டை நிறுத்துச்சு. காஸ்ட் பண்ணினா படம் வரும், ஆனா இனிமே ஓட்டை கண்டுபிடிச்சா அடைக்க ஆள் இல்லை. உங்க கார்டு இணைஞ்ச அக்கவுண்ட் அதுல லாகின் ஆகியிருக்குன்னா யோசிங்க. கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவின்னா செட்டிங்ஸ்ல "அபவுட்" பகுதிக்குப் போனா செக்யூரிட்டி பேட்ச் தேதி தெரியும். அது ரெண்டு மூணு வருஷம் பழசுன்னா மாத்தறதுக்கான பணத்தை எடுத்து வைக்க ஆரம்பிங்க. அதுவரைக்கும் ஆப் பர்ச்சேஸுக்கு பின் நம்பர் போட்டு வைங்க.

பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ் விஷயம் வேற. "எல்லா ஓடிடியும் ஃப்ரீ"ன்னு சொல்லி விக்கறாங்களே, அது வாங்கி ஒரு மாசம் ஆனாலும் சரி, கழட்டிடுங்க. 2025 ஜூன்ல அமெரிக்காவோட எஃப்பிஐ, "பேட்பாக்ஸ் 2.0"ங்கற மால்வேர் பத்தி எச்சரிக்கை விட்டுச்சு. அடுத்த மாசம் கூகுள் அதை நடத்தறவங்க மேல வழக்கே போட்டுச்சு. ஒரு கோடிக்கும் மேற்பட்ட, சான்று இல்லாத ஆண்ட்ராய்டு சாதனங்கள்ல அது இருக்குன்னு சொன்னாங்க. சில பாக்ஸ்கள்ல பெட்டியைப் பிரிக்கறப்பவே மால்வேர் உள்ளே இருக்கு. உங்க வீட்டு இன்டர்நெட்டை யாரோ ஒருத்தர் தப்பு வேலைக்கு வாடகைக்கு விடற மாதிரி. நெட் பேங்கிங் பண்ற அதே வைஃபையில இதை வெச்சிருக்கறது ஓடிடி சந்தாவை மிச்சம் பிடிக்கற விஷயம் இல்லைங்க.

மூணு: அஞ்சு சோதனையும் பாஸ், ஆனா ஸ்டிக் ஃபெயில். சரியான அடாப்டர், நல்ல வைஃபை, ரீசெட் எல்லாம் முடிஞ்சும் படம் நடுவுல கருப்பாகுது, வைஃபை தானா கட் ஆகுது, ஒரு ஆப் திறக்கவே ஒரு நிமிஷம் ஆகுதுன்னா அது முடிஞ்சு போச்சு. இந்த மாதிரி சின்னப் பொருளை ரிப்பேர் பண்றது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. வாரண்டி இருக்கான்னு மட்டும் பில் எடுத்துப் பாருங்க. பில் மெயில்லதான் இருக்கும்.

இதெல்லாம் காரணமே இல்லை

"புது மாடல்ல 4கே வருது." உங்க டிவி 32 இன்ச் எச்டி ரெடின்னா 4கே ஸ்டிக் போட்டாலும் படம் அதே படம்தான். அது மட்டும் இல்லை, உங்க சந்தாவையும் பாருங்க. நெட்ஃப்ளிக்ஸ்ல 199 ரூபாய் பேசிக் பிளான்ல 720பி வரைக்கும்தான் வரும். 4கே வேணும்னா 649 ரூபாய் பிரீமியம். மாசம் 450 ரூபாய் வித்தியாசம், வருஷத்துக்கு 5,400. ஸ்டிக் விலையை விட இது அதிகம், அதுவும் ஒவ்வொரு வருஷமும்! ஸ்டிக் வாங்கற செலவு ஒரு தடவை. அது இழுத்துட்டு வர்ற செலவு மாசா மாசம்.

"சேல் போட்டிருக்கான்." தேவை இல்லாத பொருளுக்கு 40 சதவீதம் தள்ளுபடின்னா, 60 சதவீதம் நஷ்டம்.

"பிராட்பேண்டோட பாக்ஸ் ஒண்ணு கொடுத்தாங்க, அது எங்கேயோ கிடக்குது." முதல்ல அதைத் தேடி எடுங்க! ஃபைபர் இணைப்போட சில பிளான்ல செட் டாப் பாக்ஸும் வரும். அதுலயே ஓடிடி ஆப் இருக்கும். காசு கொடுத்து வாங்கறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கறதைப் பாருங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

நல்ல பிராண்டு ஸ்டிக் இன்னைக்கு மாடலைப் பொறுத்து 3,000ல இருந்து 6,000 ரூபாய்க்குள்ள கிடைக்கும். 5,000 ரூபாய்க்கு வாங்கி நாலு வருஷம் ஓட்டினா மாசம் 104 ரூபாய். அதே பிரச்சனைக்கு 27,000 ரூபாய் டிவி வாங்கினா, நாலு வருஷக் கணக்குல மாசம் 562 ரூபாய். அந்த நாலு வருஷம் முடியறப்போ அந்த டிவிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டரும் பழசாகியிருக்கும். அப்பவும் ஸ்டிக்தான் வாங்கப் போறீங்க.

"நோ காஸ்ட் இஎம்ஐதானே, வட்டி இல்லையே?"ன்னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். பேங்க் வட்டி போடுது. கடைக்காரர் அந்த வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி தர்றார். ஆனா அந்த வட்டி மேல வர்ற 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில. 27,000 ரூபாய், ஒன்பது மாசம், 16 சதவீத வட்டின்னு வைங்க. வட்டி சுமார் 1,716 ரூபாய், அதுக்கு ஜிஎஸ்டி சுமார் 309. பிராசசிங் ஃபீ 199ன்னா, அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக மொத்தம் 540 ரூபாய்க்கு மேல. பெரிய தொகை இல்லைதான். ஆனா "நோ காஸ்ட்" இல்லைன்னு தெரிஞ்சுக்கோங்க.

எனக்கு வலிச்சது அந்த 540 ரூபாய் இல்லை. ஒன்பது மாசம் 3,000 ரூபாய் கட்டிப் போடப்பட்டதுதான். 31,000 சம்பளத்துல வாடகை, மெஸ், வீட்டுக்கு அனுப்பறது போக மிஞ்சினதே அவ்வளவுதான்.

இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. மாசம் 150 ரூபாய் தனியா ஒதுக்குங்க. மூணு வருஷத்துல 5,400. ஸ்டிக் செத்தா அன்னைக்கே முழுக் காசு கொடுத்து வாங்கலாம், சாகலைன்னா காசு அப்படியே இருக்கும். டிவிக்கும் ஒரு நாள் காலம் வரும். பேனல்ல கோடு விழறது, பேக்லைட் போறது மாதிரி ஏதாவது நடந்தா டிவியை மாத்தறது நியாயம். அதுக்கு மாசம் 500ன்னு போட்டா நாலரை வருஷத்துல 27,000 கையில. இன்னொரு தகவல்: 2025 செப்டம்பர் 22ல இருந்து 32 இன்ச்சுக்கு மேல இருக்கற டிவிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. பழைய விலையை மனசுல வெச்சுக்கிட்டு "ஆஃபர்"னு ஏமாறாதீங்க.

ஒரு வரிசை முக்கியம். எமர்ஜென்சி ஃபண்ட்ல மூணு மாசச் செலவாவது இல்லைன்னா, ஸ்க்ரீன் சம்பந்தப்பட்ட எதுக்கும் இஎம்ஐ வேண்டாம்.

வாங்கறதுன்னு முடிவாயிட்டா

- ராம் 2 ஜிபி இருக்கற மாடலா பாருங்க. சில நூறு ரூபாய் கூடுதல்னாலும் ஆயுள் கூடும்.
- நீங்க பார்க்கற ஓடிடி எல்லாம் அதுல அதிகாரபூர்வமா ஓடுதான்னு பாருங்க. வைட்வைன் எல்1 இல்லாத சாதனத்துல பல ஆப்கள் 480பியைத் தாண்டாது.
- ஏவி1 சப்போர்ட் இருக்கா? ஓடிடிகள் அந்தப் பக்கம்தான் நகருது.
- எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட்னு கம்பெனி தன் தளத்துல எழுத்துல சொல்லியிருக்கான்னு பாருங்க. கடைக்காரர் வாய்வார்த்தை செல்லாது.
- ரொம்பப் பழைய மாடலைத் தள்ளுபடியில வாங்காதீங்க. அப்டேட் காலம் ஏற்கனவே பாதி ஓடியிருக்கும்.

பழையதைக் கொடுக்கறதுக்கு முன்னாடி அக்கவுண்ட்ல இருந்து டீரிஜிஸ்டர் பண்ணி, ஃபேக்டரி ரீசெட் பண்ணிடுங்க. இல்லைன்னா உங்க கார்டுல அடுத்தவங்க படம் வாங்குவாங்க. ஓடற ஸ்டிக்கை ஊருக்கு அனுப்பலாம். ஓடாததைக் குப்பைத்தொட்டியில போடாதீங்க, இ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட கொடுங்க. 2022 இ-வேஸ்ட் விதிகள்படி தயாரிப்பாளர்களுக்கே அந்தப் பொறுப்பு இருக்கு.

என் பழைய ஸ்டிக் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? ஊர்ல இன்னும் மூணு வருஷம் ஓடுச்சு. அப்புறம் அப்பா பார்க்கற ஆப்ல "இந்தச் சாதனத்தில் இனி இயங்காது"ன்னு வந்துச்சு. இந்தத் தடவை ஒதுக்கி வெச்ச பணம் இருந்தது. புது ஸ்டிக்கை முழுக் காசு கொடுத்து வாங்கி அனுப்பினேன். அப்பா பார்க்கற டிவி அதே 32 இன்ச்தான்.

இந்த வாரக் கடைசியில ஒரே ஒரு வேலை பண்ணுங்க. டிவிக்குப் பின்னாடி போய், உங்க ஸ்டிக் கரண்ட்டை எங்கே இருந்து எடுக்குதுன்னு பாருங்க. யுஎஸ்பி போர்ட்ல இருந்தா, சுவருக்கு மாத்துங்க. அப்புறம் முடிவு பண்ணலாம், வாங்கணுமா வேண்டாமான்னு.

எச்டிஎம்ஐ கேபிள் மாட்டறதுல இருந்து ரீசெட் வரைக்கும் வீடியோவுல செஞ்சு காட்டியிருக்கேன், பாருங்க. ஷாப்பிங் கார்ட்ல டிவியைப் போட்டு வெச்சிருக்கற நண்பர் யாராவது இருந்தா இதை அனுப்புங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!